ஆயா, முதலில் சிகரெட் பிடி

ஜவ்வாது மலையில் இருக்கும் ஆயாவுக்கு ஒரு நல்ல சேதி. உன் இளைப்புக்கு உலகம் முழுக்க மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய பெரிய டாக்டர்கள், கோடி கோடியாகக் கொட்டும் கம்பெனிகள், கட்டுக்கட்டாகக் காகிதம். மருந்தாய்வு என்று அதற்குப் பெயர். நீயும் சேரலாம். சேர்ந்தால் மருந்து இலவசம், எக்ஸ்ரே இலவசம், ரத்தப் பரிசோதனை இலவசம். பெரிய டாக்டர் உன்னை உட்காரவைத்துப் பேசுவார். ஒரே ஒரு சிக்கல்தான். நீ சிகரெட் பிடித்திருக்க வேண்டும்.

திருவிழாவில் பேரன் கையிலிருந்து வாங்கி ஒரு இழுப்பு இழுத்ததெல்லாம் செல்லாது. 'பேக்-இயர்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தினம் ஒரு பாக்கெட், பாக்கெட்டுக்கு 20, இப்படி ஒரு வருஷம் இழுத்தால் ஒரு பேக்-இயர். உனக்கு வேண்டியது குறைந்தது 10. அதாவது 73,000 சிகரெட். ஒன்று பத்து ரூபாய் என்று வைத்தாலும் 7,30,000 ரூபாய். சாமை விற்ற காசு, புளி விற்ற காசு, நூறு நாள் வேலைக் காசு எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துவைத்து, ஒரு நாள் தவறாமல் இழு. அறுபதில் தொடங்கினால் எழுபதில் தகுதி வந்துவிடும். பல ஆய்வுகளில் 80 வயதோடு கதவைச் சாத்திவிடுவார்கள், ஆகவே தள்ளிப்போடாதே.

நான் கதை விடுவதாக நினைக்க வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், டாக்டர்கள் சுருக்கமாக 'சிஓபிடி' என்பது, அதற்காக நடந்த பேர்போன ஆய்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் முடிவு வெளியான 'டார்ச்' ஆய்வு: 42 நாடுகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். 2008இல் 'அப்லிஃப்ட்': 37 நாடுகள், ஏறக்குறைய ஆறாயிரம் பேர். 2023இல் 'போரியஸ்': டுபிலுமாப் என்ற விலை உயர்ந்த ஊசியை இந்த நோய்க்குக் கொண்டுவந்த ஆய்வுகளில் ஒன்று. மூன்றிலும் வாசலில் ஒரே கேள்விதான்: பத்து பேக்-இயர் புகைத்திருக்கிறாயா? இல்லை என்றால், அடுத்த ஆளைக் கூப்பிடு.

இதற்கு அவர்கள் சொல்லும் காரணமும் உண்டு. ஆஸ்துமாக்காரர்கள் கூட்டத்தில் கலந்துவிட்டால் முடிவு குழம்பிவிடுமாம். சரி, நியாயம்தான். ஆனால் ஆஸ்துமாவைச் சல்லடை போட்டு எடுக்கப்போன இடத்தில், அடுப்புப் புகையில் நெஞ்சு கெட்ட கோடிக்கணக்கான பெண்களையும் சேர்த்துச் சலித்துக் குப்பையில் கொட்டிவிட்டார்கள். கொட்டியது யாருக்கும் உறுத்தவில்லை. உறுத்தாததற்கும் காரணம் உண்டு: அந்தப் பெண்கள் அந்த ஊசியை வாங்கப்போவதில்லை.

ஜவ்வாது மலையின் ஒரு சமையற்கட்டை நினைத்துப்பாருங்கள். மண் சுவர், தாழ்ந்த கூரை, குனிந்து நுழையும் ஒற்றை வாசல். குளிர் உள்ளே வரும் என்று ஜன்னல் வைக்கவில்லை. ஐப்பசி மழையில் நனைந்த விறகு. ஆயா குந்தி உட்கார்ந்து ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதுகிறாள். முதலில் வருவது நெருப்பு இல்லை, மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை. முகத்தைத் திருப்பி, மூச்சை இழுத்து, மறுபடி ஊதுகிறாள். இழுத்த மூச்சிலும் அதே புகைதான். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிகிறது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதுகிறாள். களி கிண்டி இறக்கும்வரை இதுதான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. குளிர் காலத்தில் ராத்திரி முழுக்கத் தணல் இருக்கும். பத்து வயதில் அம்மாவுக்குப் பதிலாக அடுப்புக்கு முன் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. கூரையின் உள்பக்கம் கரி தார்போலத் தொங்குகிறது. இந்தக் கணக்கை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

இந்திய மாநிலங்களின் நோய்ச்சுமை பற்றி 2018இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் ஒரு பெரிய கணக்கு வெளியானது. 2016ஆம் ஆண்டில் நம் நாட்டில் சிஓபிடி உள்ளவர்கள் சுமார் 5.5 கோடி. இந்த நோயின் சுமையில் காற்று மாசின் பங்கு பாதிக்கு மேல்; வீட்டு அடுப்புப் புகையும் அதில் அடக்கம். புகைபிடித்தலின் பங்கு கால்வாசிதான். ஆக, கால்வாசிக் காரணத்துக்கு வாசல் திறந்திருக்கிறது, பாதிக் காரணத்துக்குப் பூட்டு. இன்னொன்றும் டாக்டர்களுக்குத் தெரியும். சிகரெட்டால் கெட்ட நுரையீரலும் விறகுப் புகையால் கெட்ட நுரையீரலும் ஒரே மாதிரி கெடுவதில்லை. விறகுப் புகையில் சிறு மூச்சுக் குழாய்கள் அதிகம் சுருங்குகின்றன. காற்றுப் பைகள் சிதைவது குறைவு. அப்படியானால், சிகரெட்காரரிடம் சோதித்த மருந்து ஆயாவிடம் எப்படி வேலை செய்யும்? தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசரமும் யாருக்கும் இல்லை. உலக சிஓபிடி வழிகாட்டிக் குழு, அடுப்புப் புகையாலும் மாசாலும் வரும் நோயைத் தனி வகையாக எழுதவே 2023ஆம் ஆண்டு அறிக்கை வர வேண்டியிருந்தது. ஆயா அடுப்பு மூட்டத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

சரி ஆயா, எப்படியோ உள்ளே போய்விட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். முதல் பரீட்சை ஸ்பைரோமீட்டர். மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். வாயில் ஒரு குழாய். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரே வீச்சில் ஊத வேண்டும். "ஊது, ஊது, ஊது, இன்னும் ஊது, நிறுத்தாதே" என்று பக்கத்தில் நின்று கத்துவார்கள். ஆறு செகண்டாவது விடாமல் ஊத வேண்டும். முதல் செகண்டில் எவ்வளவு காற்று வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்று மிஷின் கணக்குப் போடும். மொத்தத்தில் 70 சதவீதம்கூட முதல் செகண்டில் வரவில்லை என்றால் அடைப்பு என்று அர்த்தம். ஆயுசெல்லாம் குழாய் வைத்து ஊதியவளுக்கு ஊதச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மிஷினைத் தேடி நீ எங்கே போவாய்? உன் கொல்லைமேட்டுக்குப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் போய்க் கேட்டுப்பார். சர்க்கரை பார்க்கலாம், பிரஷர் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்களே, அன்றைய பட்டியலில் என்னென்ன இருந்தன? ரத்த அழுத்தம், சர்க்கரை, இயன்முறை, வலி தணிப்பு, சிறுநீரகக்காரர்களுக்கு டயாலிசிஸ் பை. நல்ல திட்டம். வீடு தேடி வந்த அந்தப் பட்டியலில் மூச்சு மட்டும் இல்லை. வாசலுக்கு வந்து கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்த பெண்ணுக்கு, உள்ளே அடுப்பிலிருந்து வந்த புகையில் இருமல் வந்திருக்கும். அதை எழுதிக்கொள்ள அவளுக்கும் கட்டம் கொடுக்கவில்லை.

இதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையம் இருப்பதைக் கண்ட குழுக்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். 250 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கோளைச் சுற்றும் வளையத்தைப் பார்க்க நமக்குக் கண் இருக்கிறது. அந்த விஞ்ஞானிகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை; அவர்கள் வேலை வானத்தைப் பார்ப்பது, அதை ஒழுங்காகப் பார்த்தார்கள். கீழே பார்க்கும் வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் எங்கே என்பதுதான் கேள்வி. அவர்கள் கோடை விழாவுக்கு ஜமுனாமரத்தூர் வருகிறார்கள். சாமை உணவுக் கண்காட்சியைப் பார்த்து, தேன் பாட்டில் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் பனி இறங்குவதற்குள் போய்விடுகிறார்கள். பனி என்று அவர்கள் நினைத்ததில் பாதி அடுப்புப் புகை.

ஆய்வில் சேர்ந்தால் குறித்த தேதியில் நகரத்து மருத்துவமனைக்கு வர வேண்டும், ஆயா. தேதி தவறினால் பெயர் அடிபடும். பாதையைப் பற்றிப் படிவம் கேட்காது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை செத்தது. பாதி வழியில் ஆம்புலன்ஸ் இறக்கிவிட்டது. அதற்கு மேல் அப்போது சாலை இல்லை. பெற்றவள் பிணத்தைக் கையில் ஏந்தி மலையேறினாள். அந்தப் பிள்ளை சாகும்வரை போடாத சாலையை, மூச்சு வாங்கும் ஆயா மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊதிக் காட்டுவதற்காகப் போட்டுவிடுவார்களா?

நீ ஆய்வில் செத்துப்போனால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் மட்டும் நம் அரசாங்கம் துல்லியமாக இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்தாய்வு விதிகளில் ஒரு சூத்திரம் இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம். அதை வயதுக்கான எண்ணால் பெருக்கு. நோயின் கடுமைக்கான எண்ணால் பெருக்கு. வந்ததை 99.37ஆல் வகு. 65 வயதைத் தாண்டியவருக்கு வயது எண் அதே 99.37. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம்தான் தாங்குவார் என்று டாக்டர் மதிப்பிட்டால் கடுமை எண் 1. ஆக, உன் விலை சரியாக 8,00,000 ரூபாய். இன்னும் ஆறு மாதம்தான் என்றால் பாதி. வயது ஏற ஏற, நோய் முற்ற முற்ற விலை இறங்கும். சிகரெட் செலவு 7,30,000 போக உன் குடும்பத்துக்கு 70,000 ரூபாய் லாபம்.

அதுவும், சாவு மருந்தால்தான் வந்தது என்று முடிவானால். 2005 முதல் 2012 வரை இந்தியாவில் புதிய மருந்துகளின் ஆய்வுகளில் 2,644 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதில் 80 சாவுதான் ஆய்வால் என்றது. மற்றவர்கள் அவரவர் நோயாலும் விதியாலும் போனார்களாம். 2013இல் அந்த நீதிமன்றம் கோபப்பட்ட பிறகுதான் நஷ்ட ஈட்டு விதியும் ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுக்கும் விதியும் வந்தன.

ஒப்புதல் என்றதும் கம்மம் ஞாபகம் வருகிறது. பழங்குடி உடம்பு யாருக்கும் வேண்டாத உடம்பு என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டிய நேரத்தில் மலை ஏறி வந்து தேடுவார்கள். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசிக்கான செயல்விளக்கத் திட்டம் நடந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகள். பழங்குடிப் பிள்ளைகள் ஏராளம், அதில் பலர் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி. எனக்கு அதன்மேல் சண்டை இல்லை. சண்டை கையெழுத்தோடு. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். பார்த்த 9,543 படிவங்களில் 1,948இல் கைநாட்டு. 2,763இல் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெற்றவர்களைக் கேட்க மலைக்குப் போவானேன்? வார்டன் கையில் பேனா இருக்கிறது. பிள்ளைக்கு என்ன ஆனது என்று பின்னால் பார்க்கத்தான் ஒழுங்கான ஏற்பாடு இல்லை.

ஆக, சட்டம் இதுதான். பொருள் அவர்களுடையது, உடம்பு மட்டும் உன்னுடையது என்றால் உனக்குத் தகுதி தானாக வந்துவிடும். நீ வரக்கூட வேண்டாம், வார்டன் போதும். நோய் உன்னுடையது, மருந்தும் உனக்கு வேண்டும் என்றால் 73,000 சிகரெட்.

மருந்தாய்வே கூடாது என்று கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை. அப்படிச் சொன்னால் சென்னைக்குத் துரோகம் செய்தவனாவேன். 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ மையம் தொடங்கியது. ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனம், சென்னை அரசு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்திய ஆய்வு. காசநோய் வந்த ஏழைகள் 193 பேர். பாதிப் பேரை சானடோரியத்தில் படுக்கவைத்து நல்ல சாப்பாடு போட்டார்கள். மீதிப் பேருக்கு அவரவர் குடிசையிலேயே மருந்து. 1959இல் முடிவு வந்தது: குடிசையில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். உலகமே சானடோரியத்தை மூடத் தொடங்கியது. ஏழையின் நோயை ஏழையின் வீட்டிலேயே, ஏழைக்குப் பயன்படும் கேள்வியைக் கேட்டு ஆராய்ந்தார்கள். உலகத்துக்கே விடை கிடைத்தது. அந்த அறிவு இந்தத் தமிழ்நாட்டில்தான் இருந்தது. எங்கே போய்விட்டது?

போய்விடவில்லை என்பதற்கும் அத்தாட்சி உண்டு. கொஞ்ச வருஷம் முன்பு விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் 'ஹாபின்' என்ற ஆய்வை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்தினார்கள். குவாதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் அதே ஆய்வு. நாட்டுக்கு 800 கர்ப்பிணிகள். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதத்துக்கு இலவச எரிவாயுவும். மறுபாதி வழக்கம்போல விறகில். குழந்தையின் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது; கடுமையான நிமோனியாவும் குறையவில்லை என்று 2024இல் வந்தது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை ஒளிக்காமல் அச்சிட்டார்கள், அது நேர்மை. என் கண்ணில் பட்டது வேறொன்று. சிலிண்டர் வீட்டு வாசலுக்கே காசில்லாமல் வந்த வீடுகளில் பெண்கள் விறகை ஏறக்குறைய தொடவே இல்லை. விறகு எரித்த வீட்டுப் பெண்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம். கேஸ் எரித்த வீட்டுப் பெண்களுக்கு 24.

"மலைச்சனம் விறகை விடமாட்டாங்க சார், அது அவங்க பண்பாடு" என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு இதைப் படித்துக்காட்டுங்கள். பண்பாடும் இல்லை, வெங்காயமும் இல்லை. காசு இல்லை, அவ்வளவுதான். உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு வாங்கியவர்கள் வருஷத்துக்குச் சராசரியாக நான்கு சிலிண்டர்கூட மாற்றவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019இல் எழுதினார். விளம்பரப் பலகையில் பிரதமர் படம் இருக்கும், மூலையில் காலி சிலிண்டர் இருக்கும், அதன் மேல் விறகுக் கட்டு இருக்கும்.

ஆகவே ஆயா, சிகரெட்டைப் பற்றவைக்காதே. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இனி தகுதி நிபந்தனைகளை நீ போடு. படிவத்தை உன் பக்கத்திலிருந்து எழுதுவோம்.

ஒன்று: என் நெஞ்சை ஆராய வருகிறவர், நான் எத்தனை வருஷம் விறகு ஊதினேன் என்ற கேள்வியோடு வர வேண்டும். சிகரெட் கேள்வியோடு வருகிறவர் அடிவாரத்திலேயே திரும்பிப் போகலாம்.

இரண்டு: மிஷின் மலைக்கு வர வேண்டும். நான் மிஷினைத் தேடி இறங்கமாட்டேன்.

மூன்று: என் பாஷையில், என் பிள்ளைகள் எதிரில், என்ன கொடுக்கிறீர்கள், என்ன கெடுதல் வரலாம், வேண்டாம் என்று நான் எப்போது சொல்லலாம் என்பதைச் சொல்ல வேண்டும். வீடியோ எடுத்தால் எனக்கும் ஒரு காப்பி. வார்டன், தலையாரி, கவுன்சிலர் யாரும் எனக்காகக் கையெழுத்துப் போடக்கூடாது.

நான்கு: மருந்து பலித்தால், ஆய்வு முடிந்த மறுநாளும் எனக்கு அது கிடைக்க வேண்டும். பலிக்கவில்லை என்றாலும் வந்து சொல்ல வேண்டும்.

ஐந்து: ஏற்கெனவே தெரிந்ததை என்மேல் சோதிக்கக்கூடாது. புகை நெஞ்சைக் கெடுக்கும் என்பது தெரியும். மூச்சுக் குழாயை விரிக்கும் இன்ஹேலர் வேலை செய்யும் என்பது தெரியும். சிலிண்டர் காசில்லாமல் வந்தால் விறகை விடுவேன் என்பதும் தெரியும். தெரிந்ததைக் கொடுக்க ஆய்வு வேண்டாம், அரசாணை போதும்.

இந்த ஐந்தையும் நிறைவேற்றாத கம்பெனிக்கும், கமிட்டிக்கும், அரசாங்கத்துக்கும் ஜவ்வாது மலையில் ஆய்வு நடத்தத் தகுதியில்லை.

இதைப் படிக்கும் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஆய்வுத் திட்டம் உங்கள் நெறிமுறைக் குழுவின் மேசைக்கு வரும்போது, சேர்க்கைத் தகுதிப் பட்டியலில் "10 பேக்-இயர்" என்ற வரியை விரல் வைத்துத் தேடுங்கள். பக்கத்தில் விறகடுப்பு ஆண்டுகள் என்று ஒரு வரி இல்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். சுகாதாரத் துறைக்கும் ஒன்று: மலையில் இருக்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு ஸ்பைரோமீட்டர், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆள், தீராமல் இன்ஹேலர். அடுத்த கோடை விழாவின் பட்ஜெட்டிலிருந்து தொடங்குங்கள்.